சந்தேகம் என்னும் சரக்கு

1954 ஆம் ஆண்டு சனவரி 4 ஆம் நாள் அமெரிக்காவில் காலை நாளிதழைப் பிரித்தவர்கள் ஒரு முழுப் பக்க விளம்பரத்தைக் கண்டார்கள். நாடெங்கும் 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் அது வெளியாயிற்று. கொடுத்தவர்கள் சிகரெட் உற்பத்தியாளர்கள். ஆனால், "எங்கள் சிகரெட்டை வாங்குங்கள்" என்ற வேண்டுகோள் அதில் இல்லை. பொதுமக்களுக்கு வரைந்த திறந்த கடிதம் போல அது அமைந்திருந்தது.

எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகள் மக்களிடையே அச்சத்தைப் பரப்பியிருக்கின்றன. எனினும் புகைப்பதால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. எங்கள் சரக்கு உடல்நலத்துக்குத் தீங்கானதன்று என நம்புகிறோம். ஆயினும், மக்களின் உடல்நலமே எங்கள் தொழிலின் மற்ற எல்லா நோக்கங்களிலும் மேலான பொறுப்பு என ஏற்கிறோம். பொதுச் சுகாதாரத்தைக் காப்பவர்களோடு ஒத்துழைப்போம். ஆராய்ச்சிக்குப் பணம் தருவோம். இதுவே அவ்விளம்பரத்தின் சாரம்.

ஒரு தொழில் இதைவிடப் பெரிய வாக்குறுதி தர முடியுமா? அந்த வாக்குறுதி எவ்வாறு காப்பாற்றப்பட்டது? இதற்கு முழு விடை கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

சிகரெட் பெருகிய விதம்

மனிதன் புகையிலையைப் பல நூற்றாண்டுகளாக அறிவான். ஆனால் சிகரெட் பெருவழக்கான பொருளானது அண்மைக் காலத்தில்தான். 1880 வரை சிகரெட்டைக் கையால் சுற்றினார்கள். அந்த ஆண்டில் ஜேம்ஸ் பான்சாக் என்ற அமெரிக்க இளைஞர் சிகரெட் சுற்றும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அது நாளொன்றுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேலான சிகரெட்டுகளைச் செய்து தள்ளியது. விலை குறைந்தது. முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு உணவோடு சிகரெட்டும் போயிற்று. போர் முடிந்து திரும்பியவர்கள் அப்பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டு வந்தனர்.

அதுவரை நுரையீரல் புற்றுநோய் மிக அரிதான நோய். 1912-இல் ஐசக் ஆட்லர் என்ற மருத்துவர் அந்நோயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இவ்வளவு அரிய நோய்க்குத் தனி நூல் தேவையா என்ற கேள்விக்கு அவரே அதில் சமாதானம் கூற வேண்டியிருந்தது! அந்த நிலை விரைவில் மாறியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்நோயால் 1922-இல் இறந்தவர் 612 பேர். 1947-இல் இறந்தவர் 9,287 பேர். இருபத்தைந்தே ஆண்டுகளில் பதினைந்து மடங்கு! இதற்குக் காரணம் என்ன?

மருத்துவமனையில் கேட்ட கேள்விகள்

காரணத்தைத் தேடும் பணி ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞரிடமும் ரிச்சர்டு டால் என்ற மருத்துவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. மோட்டார் வண்டிகளின் புகையும் சாலைகளுக்குப் போடும் தாரும் காரணமாக இருக்கலாம் என்பதே அவர்களுடைய முதல் ஐயம்.

அவர்கள் கையாண்ட முறை எளிமையானது. இலண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயோடு படுத்திருந்தவர்களிடம் அவர்களுடைய பழக்க வழக்கங்களைப் பற்றி விவரமாகக் கேட்டனர். அதே வயதுடைய, வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்தவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டனர். பிறகு இரு கூட்டத்தாரையும் ஒப்பிட்டனர். புற்றுநோய் கண்ட 649 ஆண்களுள் புகைக்காதவர் இருவரே. மற்ற நோய் கண்ட 649 ஆண்களுள் புகைக்காதவர் 27 பேர். அதுமட்டுமன்று, அதிகமாகப் புகைத்தவர்களுக்கு நோயும் அதிகமாக இருந்தது. முடிவுகள் 1950 செப்டம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தன. புகைப்பவராயிருந்த டால் ஆய்வின் நடுவிலேயே அப்பழக்கத்தை விட்டுவிட்டார்.

அதே ஆண்டில் அமெரிக்காவிலும் எர்ன்ஸ்டு விண்டர் என்ற மருத்துவ மாணவரும் எவார்ட்ஸ் கிரகாம் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரும் 684 நோயாளிகளை ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தனர்.

"நோய் வந்த பிறகு கேட்டால் நினைவு தவறலாம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். ஹில்லும் டாலும் அதையும் எண்ணிப் பார்த்தனர். 1951-இல் அவர்கள் பிரிட்டனின் மருத்துவர்கள் ஏறத்தாழ 60,000 பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பினர். 40,000 பேர் விடை எழுதினர். இவர்கள் அனைவரும் அப்போது உயிரோடு இருந்தவர்கள். இனி யார் எந்த நோயால் இறக்கிறார்கள் என்று பார்ப்பதே திட்டம். 1954-இல் முதல் முடிவுகள் வந்தன. அதுவரை நுரையீரல் புற்றால் இறந்திருந்த 36 பேரில் புகைக்காதவர் ஒருவர்கூட இல்லை.

எலிகளும் ஓட்டலும்

1953 டிசம்பரில் விண்டரும் கிரகாமும் மற்றொரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். சிகரெட் புகையிலிருந்து திரட்டிய தாரைச் சுண்டெலிகளின் முதுகில் தொடர்ந்து தடவினார்கள். 100-க்கு 44 எலிகளுக்குப் புற்றுநோய் கண்டது. செய்தி நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் பரவியது. சிகரெட் கம்பெனிகளின் பங்கு விலை சரிந்தது.

அம்மாதம் நடுவில், பெரிய சிகரெட் கம்பெனிகளின் தலைவர்கள் நியூயார்க் நகரின் பிளாசா ஓட்டலில் கூடினார்கள். விற்பனையில் ஒருவரோடொருவர் கடுமையாகப் போட்டியிட்டவர்கள், இப்போது ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். மக்கள் தொடர்புத் தொழிலில் பெயர் பெற்ற ஹில் அண்டு நோல்டன் என்ற நிறுவனத்தை ஆலோசனைக்கு அழைத்தார்கள். விஞ்ஞானத்தை வெளிப்படையாக எதிர்ப்பது நல்லதன்று; விஞ்ஞானத்தின் பெயராலேயே பேச வேண்டும்; அதற்குத் தங்களுக்கென ஓர் ஆராய்ச்சிக் குழு வேண்டும் என்பது கிடைத்த ஆலோசனை. முன் சொன்ன முழுப் பக்க விளம்பரம் இக்கூட்டத்தின் விளைவே ஆகும். புகையிலைத் தொழில் ஆராய்ச்சிக் குழுவும் அவ்வாறே பிறந்தது. கிளாரன்ஸ் குக் லிட்டில் என்ற மரபியல் அறிஞர் அதன் விஞ்ஞானத் தலைவரானார்.

இக்குழு பல ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் பணம் கொடுத்தது உண்மை. அப்பணத்தில் நல்ல ஆராய்ச்சிகளும் நடந்தன. ஆனால் அவற்றுள் பெரும்பகுதி, புகைப்பதால் தீங்கு உண்டா என்ற நேரான கேள்வியை விட்டு விலகியே நின்றது. ஆண்டுதோறும் குழு வெளியிட்ட முடிவு ஒன்றுதான்: "இன்னும் ஆராய வேண்டும்."

ஐயம் எழுப்பிய அறிஞர்

ஐயம் எழுப்பிய அனைவரும் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் என்று எண்ண வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புள்ளியியல் மேதையான ரொனால்டு ஃபிஷரும் ஐயுற்றார். அவர் புகையிலைத் தொழிலின் ஆலோசகராகவும் இருந்தார்; தாமே புகைப்பவராகவும் இருந்தார். அவர் வாதம் இது: "புகைப்பதும் புற்றுநோயும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. ஒரு மரபுக்கூறு ஒருவரைப் புகைக்கவும் தூண்டலாம். அவருக்குப் புற்றுநோயையும் தரலாம்."

இது முறையான கேள்விதான். இதற்கு 1959-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டு என்ற அமெரிக்கப் புள்ளியியலாரும் அவரோடு சேர்ந்த அறிஞர்களும் விடை கூறினர். புகைப்பவர்களுக்கு நோய் வாய்ப்பு ஒன்பது மடங்கு என்று கொள்வோம். இதற்கு மறைவான மரபுக்கூறு ஒன்றே முழுக் காரணம் என்றால், அந்தக் கூறு புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு மிகுதியாகக் காணப்பட வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் அது கண்ணுக்குத் தப்புமா? மேலும், பழக்கத்தை விட்டவர்களுக்கு நோய் வாய்ப்பு குறைகிறதே! பிறவியில் வந்த மரபுக்கூறு சிகரெட்டை விட்டதும் மாறிவிடுமா?

நேர்மையான ஐயத்துக்கு விடை கிடைத்ததும் அது அடங்கும். விற்பனைக்காக எழுப்பிய ஐயமோ, விடை கிடைத்த பின்னும் அடங்காது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் எவார்ட்ஸ் கிரகாமுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். புற்று கண்ட நுரையீரல் ஒன்றை முழுவதுமாக அகற்றி நோயாளியைப் பிழைக்க வைத்த முதல் மருத்துவர் அவர். அந்த அறுவை நடந்தது 1933-இல். புகையிலையின் மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டைத் தொடக்கத்தில் அவர் நம்பவில்லை. தம் ஆய்வே தம்மை மாற்றியதும் புகைப்பதை நிறுத்தினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1957-இல் அவரும் நுரையீரல் புற்றுநோயாலேயே மறைந்தார்.

வடிகட்டி தந்த ஆறுதல்

அஞ்சிய வாடிக்கையாளர்களுக்குக் கம்பெனிகள் கொடுத்த ஆறுதல், சிகரெட்டின் முனையில் பொருத்திய வடிகட்டி. 1950-களில் வடிகட்டி சிகரெட்டின் விற்பனை வேகமாக உயர்ந்தது. அக்காலத்தில் "கென்ட்" என்ற சிகரெட்டின் வடிகட்டி மிகுந்த பாதுகாப்பு அளிப்பதாக விளம்பரம் செய்யப்பட்டது. 1952 முதல் 1956 வரை அதில் இருந்த பொருள் என்ன தெரியுமா? கல்நார்! கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதை இன்று அனைவரும் அறிவர்.

பின்னாளில் "லைட்" என்ற பெயரில் வந்த சிகரெட்டுகளின் கதையும் அத்தகையதே. அவற்றின் முனைத்தாளில் நுண்ணிய துளைகள் இருக்கும். சோதனை இயந்திரம் உறிஞ்சும்போது அத்துளைகள் வழியே காற்று கலந்து, தாரின் அளவு குறைவாகக் காட்டும். மனிதன் இயந்திரம் அல்லனே! அவனுடைய விரலும் உதடும் துளைகளை மூடிவிடும். மூளை கேட்கும் நிக்கோட்டின் கிடைக்கும் வரை அவன் ஆழமாக இழுப்பான். பெட்டியில் அச்சிட்ட எண் குறைந்தது, நோய் குறையவில்லை.

அரசு விழித்தது

1962-இல் இலண்டனிலுள்ள அரச மருத்துவர் கழகம் புகைப்பதன் தீமைகளை விளக்கி அறிக்கை வெளியிட்டது. அதன் பின் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைவரான லூதர் டெர்ரி பத்து அறிஞர்களைக் கொண்ட குழுவை அமைத்தார். பின்னர் யாரும் குறை சொல்லக்கூடாது என்பதற்காக, உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும்போதே சிகரெட் தொழிலாரின் ஒப்புதலும் பெறப்பட்டது. 7,000-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை அக்குழு ஆராய்ந்தது. 1964 சனவரி 11 அன்று அறிக்கை வெளியாயிற்று. அது சனிக்கிழமை; பங்குச் சந்தைக்கு விடுமுறை நாள். வேண்டுமென்றே தேர்ந்த நாள் அது. ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் உண்டாகச் சிகரெட் காரணமாகிறது என்று அறிக்கை ஐயமின்றிக் கூறியது.

அடுத்து என்ன செய்வது? சிகரெட் பெட்டியிலும் விளம்பரங்களிலும் கடுமையான எச்சரிக்கை வேண்டும் என்றது அமெரிக்க வணிக ஆணையம். காங்கிரசு 1965-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 1966 முதல் பெட்டியின் ஓரத்தில், புகைப்பது உடல்நலத்துக்குத் தீங்காக "இருக்கலாம்" என்று அச்சிடப்பட்டது. புற்றுநோய் என்ற சொல் இல்லை. சாவு என்ற சொல்லும் இல்லை. விளம்பரங்களில் எச்சரிக்கை கேட்க ஆணையத்துக்கும் மாநிலங்களுக்கும் சில ஆண்டுகள் தடையும் விதிக்கப்பட்டது. மக்களைக் காக்க வந்த சட்டம் தொழிலுக்குக் கேடயமும் ஆயிற்று. பின்னாளில் வழக்குத் தொடுத்தவர்களிடம், "எச்சரிக்கையைப் படித்த பின்தானே புகைத்தீர்கள்?" என்று கம்பெனிகள் கேட்டன.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் சுவையானது. 1967-இல் ஓர் உத்தரவு வந்தது. தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் காட்டும் நிலையங்கள், அதற்கு எதிரான செய்திகளுக்கும் இலவசமாக இடம் தர வேண்டும் என்பது அந்த உத்தரவு. எதிர் விளம்பரங்கள் வந்த ஆண்டுகளில் ஆளுக்குச் சராசரியாகப் புகைக்கும் சிகரெட்டின் எண்ணிக்கை குறைந்தது. பிறகு 1971 சனவரியிலிருந்து வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரமே தடை செய்யப்பட்டது. தொழிலார் இதைப் பெரிதாக எதிர்க்கவில்லை. ஏன்? தங்கள் விளம்பரம் நின்றதும், அதற்கு எதிரான இலவசச் செய்திகளும் பெரும்பாலும் நின்றுவிட்டன! ஒரு கொள்கையின் பெயரை மட்டும் பார்த்து அதன் பயனைக் கணிக்க முடியாது என்பதற்கு இது நல்ல பாடம்.

பூட்டிய அறையில் எழுதியவை

வெளியே "நிரூபணம் இல்லை" என்று சொன்னவர்கள் உள்ளே என்ன எழுதிக்கொண்டார்கள்?

1963-இல் பிரௌன் அண்டு வில்லியம்சன் என்ற கம்பெனியின் தலைமை வழக்கறிஞர் ஒரு குறிப்பு எழுதினார். நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள். நாம் விற்பது அந்த மருந்துப் பொருளைத்தான் என்பது அதன் கருத்து. 1969-இல் அதே கம்பெனியின் மற்றொரு குறிப்பு, சந்தேகமே நமது சரக்கு என்று கூறியது. மக்கள் மனத்திலுள்ள உண்மைகளோடு போட்டியிட அதுவே சிறந்த வழி என்றும் அது விளக்கியது. சிகரெட்டோடு சேர்த்து அவர்கள் விற்றது எது என்பதை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

இவை பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. 1994 ஏப்ரல் 14 அன்று ஏழு பெரிய கம்பெனிகளின் தலைவர்கள் அமெரிக்கக் காங்கிரசின் குழுவின் முன் தோன்றினர். நிக்கோட்டின் அடிமைப்படுத்துவதாகத் தாம் நம்பவில்லை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அடுத்த மாதம் கலிஃபோர்னியாவில் பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸின் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவரின் உண்மைப் பெயர் அதில் இல்லை. உள்ளே பிரௌன் அண்டு வில்லியம்சன் கம்பெனியின் அந்தரங்கத் தாள்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மேற்கூறிய குறிப்புகள் போன்றவை வெளிச்சத்துக்கு வரலாயின.

பூட்டு ஒரு முறை திறந்த பின் அதை மீண்டும் பூட்ட முடியவில்லை. மின்னசோட்டா மாநிலம் தொடுத்த வழக்கு 1998 மே மாதத்தில் சமரசமாக முடிந்தபோது, கம்பெனிகளின் தாள்கள் கோடிக்கணக்கான பக்கங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அவ்வாண்டு நவம்பரில் 46 மாநிலங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் தரக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. புகைத்து நோயுற்றவர்களுக்கு மாநிலங்கள் செய்த மருத்துவச் செலவுக்கு ஈடு அது. 1954-இல் பிறந்த ஆராய்ச்சிக் குழுவும், பின்னர் பெற்ற புதுப் பெயரோடு, அந்த உடன்படிக்கையின்படி கலைக்கப்பட்டது.

விஞ்ஞானமும் காத்திருக்கவில்லை. சிகரெட் புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற பொருள் உடலுக்குள் மாற்றம் அடைந்து, உயிரணுவைப் புற்றிலிருந்து காக்கும் ஒரு மரபணுவைத் தாக்குகிறது. நுரையீரல் புற்றுநோயில் அந்த மரபணு பெரும்பாலும் கெட்டிருக்கும் இடங்களிலேயே அது போய் ஒட்டுகிறது. இது 1996-இல் கண்டறியப்பட்டது. ஹில்லும் டாலும் தொடங்கிய மருத்துவர் ஆய்வின் ஐம்பதாண்டு முடிவு 2004-இல் வந்தது. விடாமல் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார். முப்பது வயதில் விட்டவர் அந்த இழப்பு ஏறத்தாழ முழுவதிலிருந்தும் தப்புகிறார். ஐம்பதில் விட்டவர்கூடப் பாதியை மீட்டுக்கொள்கிறார்.

2006 ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 1,600 பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பை வழங்கினார். கம்பெனிகள் ஒன்று சேர்ந்து பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றின என்பது அவரது முடிவு. உண்மையை மக்களுக்குச் சொல்லும் அறிக்கைகளை அவர்களே வெளியிட வேண்டும் என்றும் ஆணையிட்டார். மேல்முறையீடுகள் பதினோர் ஆண்டுகள் நடந்தன. 2017 நவம்பரில்தான் அந்த அறிக்கைகள் நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் வெளிவந்தன. 1954-க்கும் 2017-க்கும் இடையே 63 ஆண்டுகள்!

உலகமும் நாமும்

இந்த அனுபவம் உலகச் சட்டத்திலும் இடம் பெற்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் நிறைவேற்றிய புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஐந்தாம் பிரிவில் ஒரு விதி உண்டு. நாடுகள் சுகாதாரக் கொள்கையை வகுக்கும்போது, அதில் புகையிலைத் தொழிலின் வணிக நலன் புகாமல் காக்க வேண்டும் என்பதே அவ்விதி. ஒத்துழைக்கிறோம் என்று சொன்ன தொழிலை மேசைக்கு அழைத்துப் பட்ட பாடு அந்த விதிக்குப் பின்னால் இருக்கிறது.

இந்தியா 2004-இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. அதற்கு முன்னரே, 1975-இல் இயற்றிய சட்டத்தால் நம் சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை இடம் பெற்றது. ஆனால் அச்சட்டம் சிகரெட்டை மட்டுமே கட்டுப்படுத்தியது. பீடியும் வாயில் மெல்லும் புகையிலையும் அதற்குள் அடங்கவில்லை. 2003 ஆம் ஆண்டுச் சட்டம்தான் எல்லாப் புகையிலைப் பொருள்களையும் உள்ளடக்கியது. பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் செயலுக்கு வந்தது. பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பை எச்சரிக்கைப் படம் மறைக்க வேண்டும் என்ற விதி 2016-இல் வந்தது. வயலிலும் பீடி சுற்றுவதிலும் பிழைப்பவர்களுக்கு மாற்றுத் தொழில் காட்டுவதும் இக்கொள்கையின் கடமையே. அதையும் அவ்வுடன்படிக்கை மறக்கவில்லை.

இன்றும் புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாள்கின்றனர். நோய் உடனே வருவதில்லை; இருபது முப்பது ஆண்டுகள் கழித்து வருகிறது. ஆகவே ஓராண்டுத் தாமதத்தின் விலையை அந்த ஆண்டில் யாரும் காண்பதில்லை. சந்தேகத்தை விற்பவர்களுக்கு இந்த இடைவெளி பெரிய வசதியாயிற்று.

மாணவ நண்பர்களே! ஐயுறுவது விஞ்ஞானத்தின் உயிர்நாடி. அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் நாளை வேறொரு பொருளைப் பற்றி, "இன்னும் நிரூபிக்கப்படவில்லை" என்று யாராவது கூறினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஐயத்தால் ஆதாயம் அடைபவர் யார்? எந்தச் சான்று கிடைத்தால் இவர் தம் ஐயத்தை விடுவார்? அதுவரை காத்திருப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? 1954 சனவரியில் அவ்விளம்பரத்தைப் படித்தவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால், அவர்களுள் பலர் இன்னும் பல ஆண்டுகள் வாழ்ந்திருப்பார்கள்.